நடுக்கம்

பனி வாரும் வண்டியை ஓரம் நிறுத்திவிட்டு
டலோரிஸ் கடையில் முட்டைக்குக் காத்திருக்கிறேன்.
ஜன்னலுக்கு வெளியே ஈரி ஏரி
பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில்
உறைந்து கிடக்கிறது.
உள்ளே பட்டிமன்றம் தொடங்கியாயிற்று.

ஆஸ்ட்ரண்டரா, மேஹ்யூவா?

இருபத்தாறு வருடமாக இதே தலைப்பு.
நடுவர் கிடையாது.
தீர்ப்புச் சொல்ல வந்தவர்களில் இருவர்
செத்தும் போனார்கள்.

வெண்டல் டிப்ஸ் காகிதத் துண்டில் கணக்குப் போடுகிறான்:
நூறு எறிந்தால் அறுபத்தெட்டு போய்ச் சேரும்,
அதுதான் ஆஸ்ட்ரண்டர்.
"அறுபத்தெட்டும் ஆறு யார்டு.
அதைத் தபால்காரன்கூட எறிவான்"
என்கிறார் லூ ஸ்கார்பெல்லி,
முப்பது வருடம் தபால் கொடுத்தவர்.
"மேஹ்யூ எறிந்தால் பந்து மேலே போய்க்
கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கும்."
"யோசித்து எதிராளி மடியில் இறங்கும்.
மோதிரம் யார் விரலில் இருக்கிறது?"
"மோதிரம் நாற்பது பையன்களுக்குக் கொடுத்தார்கள்.
உன் ஆளுக்கு முன்னால் நின்றது மதில்.
மேஹ்யூவுக்கு வாய்த்தது சல்லடை."

அந்த மதிலில் ஒரு கல் நான்.
அந்தச் சல்லடையில் ஒரு ஓட்டையும் நான்தான்.

என்னை யாரும் கேட்பதில்லை.
சென்டர் என்றால் குனிந்தவன்.
பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் கொடுத்த கணமே
ஒருவன் வந்து முகத்தில் மோதுவான்.
அது எங்கே போயிற்று என்பதைக்
கூட்டத்தின் சத்தம்தான் சொல்லும்.
மூன்று சீசன் ஆடியும்
ஒரு டச்டவுனைக் கண்ணால் பார்த்ததில்லை.

கைகளைத் தெரியும்.

ஆஸ்ட்ரண்டரின் கை உலர்ந்த கை. அவசரமில்லாதது.
மாநில இறுதி ஆட்டத்தில் என் சுண்டுவிரல் ஒடிந்தபோது
"இன்னும் ஒரு ஸ்னாப், ஹ்ரோவாட்" என்றான்,
ரசீது கேட்பவன் குரலில்.
கொடுத்தேன். ஜெயித்தோம்.
என் பெயர் அவனுக்குத் தெரியும் என்பது
அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மேஹ்யூவின் கை நடுங்கும்.
தோற்கும்போது மட்டுமல்ல,
முப்பது பாயின்ட் முன்னால் இருக்கும்போதும்.
ஓடுகிற சலவை இயந்திரத்தின் மேல் வைத்த
தம்ளர் மாதிரி.
கோச்சுக்குத் தெரியாது. அவன் அம்மாவுக்குத் தெரியாது.
கத்தி எண்ணுவான்; எண்ணிக்கை முடிய ஒரு மூச்சு முன்னால்
நடுக்கம் நின்றுவிடும்.
அந்த நிற்றலைக் கேட்டுத்தான் நான் பந்தை விடுவேன்.
இரண்டு வருடம் அப்படித்தான்.
பேசி வைத்துக்கொண்டதில்லை.

பிறகு அந்த நவம்பர்.
மூன்று யார்டு, பதினோரு விநாடி, மழை.
அவன் கை வந்து அமர்ந்தது.
நடுங்கவில்லை.
என்ன ஆயிற்று இவனுக்கு என்று
நிற்பதற்காகக் காத்திருந்தேன், ஆரம்பிக்காத ஒன்று
நிற்பதற்காக.
அரை மூச்சுத் தாமதம்.
ஈரப் பந்து அவன் நுனிவிரலில் பட்டு,
அவன் தடுமாறி எறிந்து,
அப்புறம் தவறான பக்கத்திலிருந்து சத்தம் வந்தது.

கைராசிக்காரன் ஒருவன், ஊரைக் கைவிட்டவன் ஒருவன்:
கடைவீதி அன்றே முடிவு செய்துவிட்டது.
தூறலில் பஸ்ஸுக்கு நடந்தபோது
மேஹ்யூ என் தோளைத் தட்டினான்.
எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

"அந்த இன்டர்செப்ஷன் ஏட்டில் இருக்கிறது"
என்று வெண்டல் பேனாவை மூடுகிறான்.
லூ முதல் முறையாக என் பக்கம் திரும்புகிறார்.
"நீ இரண்டு பேரோடும் ஆடியவன்தானே, பெர்னி?"

வாய் நிறைய முட்டை.
கோணல் சுண்டுவிரலால்
உப்புக் குப்பியைக் காட்டுகிறேன்.
தள்ளிவிடுகிறார்.

வால்நட் தெருவின் கடைசியில் ஒரு பச்சை வீடு.
கார் நுழையும் பாதையில் முழங்காலளவு பனி.
தெருவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது
மாநகராட்சி விதி.
பிளேடை இறக்கி,
கராஜ் கதவு வரை வாரிவிட்டுப்
பின்னால் வருகிறேன்.
மாடியில் விளக்கு எரிகிறது.
இன்னொரு முறை வாருகிறேன்.