பதினைந்து சதவீதம்

செவ்வாய்ப்பேட்டையில்
வெல்ல மண்டிக்கு மேல்மாடியில் என் கடை.
கீபோர்டுக்குள் எறும்பு குடியிருக்கும்.
சில நாள் 'ன' அழுத்தினால்
இரண்டு 'ன' விழும்.

தெய்வசிகாமணி சார்
மூன்றாவது முறையாகப் படியேறி வந்தார்.
ஏற்காடு தடத்தில் ஓடி ஓய்ந்த
ஓட்டுநர் நடத்துநர் சங்கம்,
உறுப்பினர் கையேடு,
முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
நாற்பத்தொரு பெயருக்குப் பின்னால் மட்டும்
சாம்பல் பூச வேண்டும்.

'கறுப்புக் கட்டம் போட்டுடலாமா சார்?'
'வேண்டாம்மா. செத்துப்போன மாதிரி இருக்கும்.'
'செத்தவங்கதானே சார்?'
'இருந்தாலும்.'

முப்பது வைத்தேன், எழுத்து மூழ்கியது.
ஐந்து வைத்தால் அச்சில் வராது,
லைன்மேட்டு மிஷின்
தூசி என்று நினைத்துத் துடைத்துவிடும்.
பதினைந்தைக் காட்டினேன்.
'இது செகண்ட் கியர்,' என்றார்.
'இதுலதான் மலை ஏறணும்.'

இந்த நிழலுக்கு அளவெடுத்தவன்
தமிழ் எழுதிப் பார்த்தவன் இல்லை.
கிரிவாசனின் கொக்கி
கூரையைப் பொத்துக்கொண்டு மேலே.
எழுமலையின் 'ழு'
போர்வை பத்தாத ஆள் போல
காலை வெளியே நீட்டிக்கொண்டு.
கீழே அரை மில்லி கூட்டினேன்.
அடுத்த வரிக்காரர் தலையில் நிழல் ஏறியது.
அடுத்த வரிக்காரர்
அம்மாப்பேட்டையில் நன்றாக இருக்கிறார்.
குறைத்தேன்.

மூன்றாம் புரூஃபில் ஒரே ஒரு திருத்தம்.
'இந்தச் சூசைமாணிக்கத்தை எடுத்துடும்மா.
நேத்து நாகலூர்லேர்ந்து போன் பண்றான்.
மிளகு காயப்போட்டுட்டு இருக்கானாம்.
யார்றா என்னைக் கொன்னதுங்கறான்.'

அந்த வரியை மட்டும் தொட்டிருக்க வேண்டும்.
ஸ்டைலில் கைவைத்துவிட்டேன்.
நாற்பத்தொரு பேரும்
ஒரே சொடுக்கில்
வெள்ளைக்கு வந்து நின்றார்கள்.

கன்ட்ரோல் இசட்டுக்குப் போன விரலை
'இரும்மா' என்று நிறுத்தினார்.
கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துப்
போட்டுக்கொண்டார்.

'இவன் பனிமூட்டத்துல
ஹார்ன் சத்தத்தை வச்சே
எதிர்ல லாரியா ஜீப்பான்னு சொல்லுவான்.
இவன் எனக்கு எழுபது ரூபா தரணும்.
இது யாரு... ஆங், எழுமலை.
பதினேழாம் வளைவுல வண்டியை ஓரங்கட்டிட்டுப்
பலாப்பழம் வாங்குவான்.
பாசஞ்சர்லாம் கத்துவாங்க.
எனக்கு ரெண்டு சுளை வரும்,
நான் கத்த மாட்டேன்.'

பக்கத்தை உருட்டச் சொன்னார். உருட்டினேன்.
இன்னும் கொஞ்சம் என்றார்.
கீழே மண்டியில் மூட்டை விழும் சத்தம்.
இருப்பவர் யார், இல்லாதவர் யார்,
பத்து நாளாக இந்த ஃபைலோடு கிடக்கும் எனக்கே
தெரியவில்லை.
எல்லாரும் ஒரே எழுத்துரு,
ஒரே பத்து பாயின்ட்,
பெயர், பில்லை எண், போன்.

ஒரு எண்ணுக்கு நேராக விரல் வைத்தார்.
அடித்துப் பார்க்கப் போகிறாரோ என்று நினைத்தேன்.
கண்ணாடியைக் கழற்றினார்.
'சரி, போட்டுடு.'

கன்ட்ரோல் இசட்.
நாற்பத்தொன்று.
பிறகு சூசைமாணிக்கத்தை மட்டும்
வரியோடு பிடித்து
வெளியே எடுத்தேன்.
நாற்பது.
எழுமலையின் கால்
அப்படியே நீட்டியிருக்கட்டும் என்று விட்டேன்.

'நிழலுக்குத் தனியா காசு உண்டா?'
'இல்ல சார். பக்கக் கணக்குதான்.'
நீளவாக்கில் மடித்த நோட்டுகள்
விரலிடுக்கிலிருந்து
ஒவ்வொன்றாய் வந்தன.
கடைசியில் ஐந்து ரூபாய் குறைந்தது.
பையைத் தட்டிப் பார்த்துவிட்டு
படி இறங்கிக்கொண்டே சொன்னார்:
'சில்லறை இல்லம்மா,
இறங்கும்போது வாங்கிக்க.'