மேற்குப் பிரிவு, ஐந்தாம் நிலை

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காதாம்.
எங்களுக்குப் புதன் தாராளம்.
இந்த நாட்டில் பல்கலைக்கழகப் பந்தெல்லாம்
புதன் மதியம்தான் உருளும்.
நாள் பார்த்துத் தந்தவர்கள்
தூரம் பார்க்கவில்லை.

ஆறு அணி, ஆளுக்கு ஐந்து ஆட்டம்.
செஸ்டருக்குப் போ. வூஸ்டருக்குப் போ.
பர்மிங்காம் போ. கார்டிஃப் போ.
அபெரிஸ்ட்வித்தில் ஒன்றே ஒன்று,
அதுவும் நவம்பர் கடைசியில்,
நாலு மணிக்கெல்லாம் கடல்
சூரியனை விழுங்கி வாய் துடைக்கும் நாளில்.

காலை ஏழு. டிரைவர் எமிர் ஹாரன் அடிப்பதில்லை,
விளக்கை ஒருமுறை சிமிட்டுவார், அவ்வளவுதான்.
நெளிந்து நெளிந்து மலைச்சாலை.
நியூடவுன் தாண்டுமுன்
எபெலே பிளாஸ்டிக் பைக்குள் முகத்தை விட்டிருப்பாள்,
ஜன்னலைத் திறக்கச் சொல்லி யாரோ,
குளிருதென்று மூடச் சொல்லி யாரோ.
நான் கோல்கீப்பர்.
மூன்றரை மணி நேரம் மடங்கிக் கிடந்த முழங்கால்
முதல் கார்னருக்கு எழும்பாது.
வூஸ்டர்க்காரிகள் விடுதியிலிருந்து நடந்தே வந்தார்கள்,
ஈரத் தலையோடு.
ஒருத்தி கையில் பாதி டோஸ்ட்.
அந்த டோஸ்ட்டைத்தான் என்னால்
இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அணிச் செயலாளரும் நானே என்பதால்
கடிதம் எழுதினேன்.
கிழக்குப் பிரிவைப் பாருங்கள், ஐயா அல்லது அம்மா,
ஆறு அணியும் அரைமணி வட்டத்துக்குள்.
கட்டம் போட்ட தாளில் எல்லோரும் சமம்,
வரைபடத்தை அதன்மேல் விரித்தால்
தாள் கிழிகிறது.
குழுவிலிருந்து நிக்கோலா என்பவர்
இரண்டு வரியில் பதில் போட்டார்:
வரிசையைக் குலுக்கியது கணினி,
அதற்கு யார்மீதும் விருப்பு வெறுப்பு கிடையாது.
உண்மைதான்.
வயிறும் கிடையாது.

கடைசிப் புதன்.
செஸ்டர் எல்லாம் ஆடி முடித்து ஒன்பது புள்ளி.
நாங்கள் ஏழு.
வர வேண்டியது ரெக்ஸம்.
இரவெல்லாம் மழை, டவி ஆறு பாலத்தடியில்
சாலையை எடுத்துப் போர்த்திக்கொண்டது.
இரண்டு மணி. இரண்டே கால்.
நடுவர் ப்ரைஸ் கடிகாரத்தைப் பார்த்தார்,
விதிப்புத்தகத்தைப் பார்த்தார்,
அரைமணி ஆனதும் படிவத்தை நீட்டினார்.
வராத அணி: ரெக்ஸம். மூன்றுக்குப் பூஜ்யம்.
செயலாளர் கையெழுத்து இங்கே.

கேப்டன் லவ்ரி என்னைப் பார்த்தாள்.
பதினோரு பேரும் என்னைப் பார்த்தார்கள்,
எபெலே மட்டும் தன் பூட்ஸைப் பார்த்தாள்.
மை உறைந்திருந்தது.
பேனாவை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கிப்
போட்டேன்.

நாலு பத்துக்குப் பேருந்து வந்தது.
இறங்கியவர்கள் முகமெல்லாம் பழைய வெள்ளரி நிறம்.
முதல் பெண் வாய் திறக்குமுன்
கழிப்பறைப் பக்கம் கை காட்டினேன்.
கடைசியாக இறங்கியவள் கையுறையோடு,
முழங்காலைத் தேய்த்தபடி.
"லேட்டா நாங்க?" என்றாள்.
மைதானத்தில் விளக்கு இல்லை என்றேன்.
அது பொய்யல்ல.

வேறென்ன செய்வது, சிப்ஸ் வாங்கினோம்.
துறைமேடைக்கு மேலே சூறைக்குருவிகள்
கூட்டமாய்த் திரும்பின, மறுபடி திரும்பின,
எது முன், எது பின் என்றில்லாமல்.
கடற்கரை நடை முடியும் இடத்தில்
ஓர் இரும்புக் கம்பி உண்டு.
இங்கே படிக்கிறவர்கள் அதை உதைத்துவிட்டுத்தான் திரும்புவார்கள்.
"ஏன்?" என்றாள் ரெக்ஸம் கோல்கீப்பர்.
தெரியாது, வந்த தூரத்துக்காக இருக்கலாம்.
அவள் ஓங்கி உதைத்தாள்.

மறு வாரம் வாழ்த்து வந்தது:
அடுத்த ஆண்டு நான்காம் நிலை,
தெற்குப் பிரிவு,
முதல் ஆட்டம் எக்ஸிடரில்.
ஐந்து மணி நேரம், எமிர் விசிலடித்தார்.
நான் இன்னொரு கடிதம் தொடங்கினேன்,
இம்முறை ரெக்ஸம் பேருந்தைப் பற்றி.
அன்புள்ள நிக்கோலா,
என்பதுவரை வந்திருக்கிறேன்.