ஏழுக்கு அடுத்தது

ஜாலான் புசார் பக்கம்
குழாய்ச் சாமான் விற்கும் கடைக்கு மேலே
மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது.
படியெல்லாம் பிவிசி வாசனை.
கதவருகே ஒரு பெண் என் மணிக்கட்டில் முத்திரை குத்தினாள்,
மறுநாள் மீன் கழுவியும் போகாத ஊதா.

நாற்பது பேருக்கான அறை, ஐம்பத்தோரு பேர்.
எனக்கு ஜாஸும் தெரியாது, ஃபியூஷனும் தெரியாது.
கிளைவ் மின்ஜூட்டைத் தெரியும்.
சம்பளப் பிரிவில் என் தடுப்புக்கு அந்தப் பக்கம்
பதினோரு வருடம்.
இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் சொன்னது
மொத்தம் மூன்று வாக்கியம்:
ரசீது இணைக்கவில்லை.
இணைத்த ரசீது மங்கல்.
அடுத்த மாதம் பார்க்கலாம்.

அதே மனிதர்
ஆறு தந்தி பாஸ் கிட்டாரை
தூங்கும் பிள்ளையைத் தோள் மாற்றுவதுபோல் மாட்டிக்கொண்டு
ஷூவைக் கழற்றி ஓரமாய் வைத்தார்.
ஒரு சாக்ஸில் ஓட்டை.

டிரம்ஸில் சுல்ஃபட்லி.
கீபோர்டில் குவெக் சியூ ஹூன், பகலில் பல் டாக்டராம்.
தொடங்கியதும் என் விலா எலும்பு
என்னைக் கேட்காமல் அதிர்ந்தது.

சும்மா இருக்குமா நம் கை?
தொடையில் விரல் எண்ண ஆரம்பித்தது.
தகதிமி தகிட. ஏழு.
பிடித்துவிட்டேன் என்று பையில் கிடந்த காகிதத்தின் பின்னால்
எழுதியும் வைத்தேன்.
அடுத்த சுற்றில் சுல்ஃபட்லி எங்கேயோ
ஓர் அரையை ஒளித்துவிட்டான்.
இருட்டில் இல்லாத படியில் கால் வைத்தவள்போல்
என் விரல் தொப்பென்று விழுந்தது.
அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.
மறுபடி அடித்தேன்.

சுவரில் ஒலிமானி. தொண்ணூறு தாண்டினால் சிவப்பு.
அது சிவந்தே கிடந்தது.
பத்து முப்பத்தைந்துக்கு இரண்டு போலீஸ்காரர்கள்
மூச்சு வாங்க மேலே வந்தார்கள்.
எதிர் புளோக்கில் குழந்தை தூங்கவில்லையாம்.
மிகவும் பணிவாகச் சொன்னார்கள்.
திரும்பிப் போகும்போது இளையவர் மட்டும்
மேடையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ஆம்ப்கள் அணைந்தன. முடிந்தது என்று
நான் குடையைத் தேடினேன்.
சுல்ஃபட்லி குச்சிகளைக் கீழே வைத்து
டிரம் மேல் துண்டு போர்த்தி
விரல் நுனியால் தொட்டான்.
மின்சாரம் இல்லாத பாஸுக்குக் குரல் ஏது?
டிராயருக்குள் ரப்பர் பேண்டை யாரோ இழுப்பதுபோல்
ஒரு முனகல், அவ்வளவுதான்.
ஐம்பத்தோரு பேரும் முன்னால் சாய்ந்தோம்.
பாரில் இருந்தவன் குழாயை மூடினான்.
யாரும் கண்ணாடிக் கோப்பையில் ஐஸை அசைக்கவில்லை.

அப்போதுதான் கேட்டது அந்தக் கிழட்டு ஏசி:
மாலை முழுக்க ஒரே சுருதியில்
தன்பாட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.
சியூ ஹூன் வாயால் ஊதும் பொம்மைப் பியானோவை எடுத்து
அதன்மேல் மெல்ல ஏறி உட்கார்ந்தாள்.

நடுவே கிளைவின் விரல் தவறான இடத்தில் விழுந்தது.
நிச்சயம் தவறுதான், முகம் சொன்னது.
ஐந்து காசு உதைத்தால்
ஆறு மின்னஞ்சல் அனுப்பும் மனிதர்
அதைத் திருத்தவில்லை.
இன்னொரு தரம் அங்கேயே விழுந்தார்.
மூன்றாம் தரம்
அது தவறாக இல்லை.

திங்கட்கிழமை ஒன்பது பத்துக்கு
மின்னஞ்சல் வந்தது:
'டாக்ஸி ரசீது இணைக்கவில்லை.'
ரசீது பையில்தான் இருக்கிறது.
பின்னால் முழுக்க தகதிமி தகிட,
அடித்து, எழுதி, அடித்து.
எப்படிக் கொடுப்பது?

தடுப்புப் பலகையில் விரலால் தட்டினேன்,
நாலும் மூணும் ஏழு. நிறுத்தினேன்.
அந்தப் பக்கம் அமைதி.
நாற்காலிகூட நகரவில்லை.

பிறகு ஸ்டேப்ளர் ஒரேயொரு முறை கடித்தது.
அது எட்டாவதா
அடுத்த ஒன்றா
இன்னும் எனக்குத் தெரியவில்லை.