இருபத்தேழாம் கிணறு

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு முன்
மூன்று பிரதி.
இடப்பக்க ஓரம் ஒன்றரை அங்குலம்.
மேலட்டை கருஞ்சிவப்பு ரெக்சின், எழுத்துப் பொன்.
ஆய்வு என்றால் என்னவென்று நாலு வருடம் கேட்டோம்;
அறிவித்தல் பலகை கடைசியில் சொன்னது இவ்வளவுதான்.

வேலணையிலிருந்து நாரந்தனை வரை
நாற்பது கிணறு.
யசோதினியின் ஸ்கூட்டியில் பின்னால் இருப்பேன்,
மடியில் வாளியும் கயிறும்,
துறையில் கையெழுத்து வைத்து இரவல் வாங்கிய மீற்றர்
கழுத்தில். தாலி மாதிரி என்று அவள் சிரிப்பாள்.
ஒவ்வொரு போத்தலிலும் மார்க்கரால் ஓர் இலக்கம்.
நாய் உள்ள வீடு,
"கேஸ் ஏதும் போடவோ பிள்ளை?" என்று கேட்ட வீடு,
தேத்தண்ணி தந்துவிட்டு
அந்தக் கிணற்றுத் தண்ணிதான் என்று பிறகு சொன்ன வீடு.

இருபத்தேழில் கேற் பூட்டு.
சங்கிலி துருவேறியிருந்தது.
திறப்பு கோப்பாயில் ஆரிடமோ,
வீட்டுக்காரர் கனடாவில்.
மதிலுக்கு மேலால் கிணற்றுக் கட்டு மட்டும் தெரிந்தது,
அதில் ஒரு காகம்.
மூன்று தரம் போனோம். மூன்றாம் தரம் காகமும் இல்லை.

இருபத்தாறு: ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு.
இருபத்தெட்டு: ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு.
மேசை லாம்பின் கீழ்
நடுவில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது என்று எழுதினேன்.
பேனை தயங்கவில்லை.
மற்ற எண்களைவிட அதுதான் உண்மை மாதிரி இருந்தது.

ஜெயசீலன் சேர் அட்டவணையைப் பார்த்தார்.
முப்பத்தொன்றுக்குக் கேள்விக்குறி,
பதினாலுக்கு வட்டம், "திரும்ப எடுங்கோ."
இருபத்தேழுக்குப் பக்கத்தில் ஒரு சரி:
"இது வடிவாப் பொருந்துது."

அந்தச் சரி
சிவப்பு மையில் ஒரு மீன்முள்.
சோறு உருட்டி விழுங்கியும் இறங்கவில்லை.

வியாழன் இரவு கரன்ட் வந்து வந்து போனது.
பாமினியில் அடித்ததை யூனிக்கோட்டுக்கு மாற்றியதில்
கொம்புகள் எல்லாம் இடம் மாறி நின்றன.
யசோதினி ஒற்றுப்பிழை பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இருபத்தேழை எடுக்கப்போறன்" என்றேன்.
"உனக்கென்ன விசரே?
ஆர் போய் எட்டிப் பார்க்கப்போகினம்?"
கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.
பிறகு, "சராசரி மாறும்."
"ஓம்."
"வரைபும் மாறும். ஐந்தாம் அத்தியாயம் முழுக்க."
"ஓம்."
கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டாள்.

ஒரு எண்ணைப் பிடுங்கினால்
அறுபத்தெட்டுப் பக்கம் அசையும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.
விடியப் பார்த்தால்
சராசரி தசமத்துக்குப் பின்னால் மட்டும் மாறியிருந்தது.
இதுக்கோ, என்று இரண்டு பேரும் திரையைப் பார்த்தபடி இருந்தோம்.

பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட, பைண்டிங் கடையில்
அன்ரன் அண்ணை மூன்று அட்டையைத் தூக்கிக் காட்டினார்.
செவ்வாயே அடித்துவிட்டாராம். பொன் எழுத்து:
தீவகத்தின் நாற்பது கிணறுகளில் உவர்த்தன்மை.
"திரும்ப அடிக்க ஒன்றுக்கு அறுநூறு.
அதுவும் திங்கள்தான்."

"நாற்பதுக்கும் போனோம்தானே" என்றாள் யசோதினி.
ஓம். போனோம்.
உள்ளே, அட்டவணையில், ஒரு சிறு கோடு.
கீழே சின்ன எழுத்தில்:
கேற் பூட்டியிருந்தது. மூன்று தடவை சென்றும் நீர் பெறப்படவில்லை.
என் ஆய்வில் ஒருவரும் திருத்தாத வரி அதுதான்.

இரண்டு ஐம்பதுக்குக் கந்தோரில்
ஒருவர் திறந்தும் பாராமல் முத்திரை குத்தினார்,
மூன்று தரம்.
கொப்பியில் கையெழுத்து வைக்க என் பேனை எழுதவில்லை;
தன்னுடையதைத் தந்தார்.

வெளியே வெயில்.
பையின் அடியில் ஒரு போத்தல் உருண்டது,
இருபத்தேழு, ஒருநாளும் நனையாதது.
கன்ரீன் பைப்பில் நிரப்பிக் குடித்தேன்.
பாதியை அவளிடம் நீட்டினேன்.
உப்போ என்று கேட்டாள்.
தெரியாது என்றேன்.
மீற்றரைக் காலையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.