பூஜ்யம் பைட்

தரமணி, நான்காம் மாடி, இரவு இரண்டேகால்.
ஏசி இயந்திரங்களுக்காக ஓடுகிறது.
நான் துப்பட்டாவைக் காதுவரை இழுத்துக்கொண்டு
ஒரு பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு கோப்பை உருவாக்க
இரண்டு முறை கேட்க வேண்டும்.
முதல் முறை சுமை எதுவும் கொண்டுபோகக் கூடாது.
பெயரை மட்டும் சொன்னால் போதும்:
மழை, பள்ளிக்கரணை, நவம்பர் ஒன்பது, மணி பதினாறு.

பெயர்களைக் காப்பவன் ஒருவன் இருக்கிறான்.
எது எங்கே இருக்கிறதென்று அத்தனையும் தெரியும்,
அவனிடம் ஒரு துளி கிடையாது.
எப்போதும் ஒரே பதில், 307:
இங்கே வேண்டாம், அங்கே போ.
அடையாறு மண்டல அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன் இதே குரலை.
நிமிராமல், கண்ணாடிக்கு மேலாக,
"ஒன்பதாம் நம்பர் கவுன்ட்டர்மா."

அவன் எழுதிக் கொடுத்த விலாசத்தில்
இரண்டாம் முறை தட்டி
அப்போதுதான் இறக்க வேண்டும் மூட்டையை.

வேலையை விட்டு பெங்களூர் போய்விட்ட
புவியரசன் எழுதிய ஸ்கிரிப்ட்
ஒழுங்காகத்தான் போயிருக்கிறது.
சொன்ன விலாசம், சொன்ன கதவு.
போய், வெறுங்கையை நீட்டியிருக்கிறது.
ஒரு ஹைபனும் ஓர் எழுத்தும் விட்டுப்போயிருந்தன, அவ்வளவுதான்.
என்ன கொண்டுவந்தாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.
201 என்றார்கள்.
உருவாக்கப்பட்டது.

பதினேழு நாள்.

வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் ஏறி நின்றன.
ஒக்கியம் மடுவு கரை தெரியாமல் போனது.
என் செருப்பில் ஒன்றை விஜயநகர் கொண்டுபோனது,
மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு
எதற்கென்று தெரியாமல் வீடுவரை நடந்தேன்.
பட்டியலிலோ மணிக்கு ஒரு கோப்பு, பிசகாமல்.
பெயர் உண்டு, தேதி உண்டு, உரிமையாளர் உண்டு.
பிரதிகள் 3 என்று வேறு போட்டிருந்தது,
ஒன்றுமில்லாததற்கு மூன்று பிரதி.
அளவு: 0.

மழை பெய்திருக்கிறது.
கோப்பு நனையவில்லை.

என் மகள் விஷயம் இதற்கு நேர் எதிர்.
மாநகராட்சி கொடுத்த தாளில்
பிறந்த நேரம் இருக்கிறது, பெண் என்று இருக்கிறது,
தாய் பெயர், தகப்பன் பெயர், முத்திரை.
குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு.
அவர்கள் வீட்டில் எண்கணிதம்,
எங்கள் வீட்டில் வடமொழி கலக்கக் கூடாது.
பதினொரு மாதமாகப் பேச்சுவார்த்தை.
எட்டரைக் கிலோ ஏறிவிட்டாள்,
அழுதால் எதிர் பிளாக்கில் விளக்கு போடுகிறார்கள்.
"பின்னர் சேர்த்துக்கொள்ளலாம்" என்றார்
ஒன்பதாம் நம்பர் கவுன்ட்டர்.

நல்லவேளை,
மழைமானிகளின் வயிற்றில் முப்பது நாள் நிற்கும்.
ஜெசிந்தாவுக்குப் போன் போட்டு எழுப்பித்
தெரிந்துகொண்டேன். திட்டினாள், சொன்னாள்.

பதினேழு நாள், நானூற்றெட்டு மணி.
மறுபடி முதல் கேள்வி, மறுபடி அங்கே போ,
இந்த முறை கை நிறைய.
சிறுசேரியில் இரண்டு பெட்டி, அம்பத்தூரில் ஒன்று,
ஒன்றுக்கு மற்றது கைமாற்றி எழுதிக்கொள்கின்றன.
மூன்று நொடிக்கொரு தரம்
உயிரோடிருக்கிறேன் என்று சொல்வது மட்டுமே
அவற்றுக்குத் தெரிந்த பேச்சு.
பத்து நிமிடம் மௌனமானால்
இறந்ததாக எழுதிவிட்டு
வேறொன்றைத் தேடுவார்கள்.

பள்ளிக்கரணை, மணி பதினாறு:
நாற்பத்தேழு மில்லிமீட்டர்.
அளவு 2816.
அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்த மணியில்தான் செருப்பு போனது.

மூன்று ஐம்பதுக்கு வீட்டிலிருந்து செய்தி:
பாப்பா இப்பதான் தூங்கினா.

எந்தப் பாப்பா என்று நான் கேட்கவில்லை.
இன்னும் முந்நூற்றெண்பது பாக்கி.