ரெண்டு இஞ்ச்

காரைப்பள்ளத்தில் வருஷாவருஷம்
ஃபைனலுக்கு முன்னால் ஒரு நிமிஷ மௌனம்.
அதை அறிவிப்பவன் நான்.
தமிழில் ஒருமுறை, மலையாளத்தில் ஒருமுறை,
பிறகு ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுக்
கடிகாரத்தைப் பார்ப்பேன்.
நாற்பது நொடிக்கு மேல் எந்த வருஷமும் போனதில்லை.
முப்பதிலேயே எவனாவது விசிலடித்துவிடுவான்,
ரெஃப்ரியும் அதற்கே காத்திருந்தவர்போல்
பந்தை நடுவில் வைப்பார்.

கல்லில் ஏழு பெயர்.
செத்தது பதினொன்று.
பாலக்காட்டுக்குக் கொண்டுபோனதில் ஏழு,
பொள்ளாச்சிக்குக் கொண்டுபோனதில் நாலு.
செக்போஸ்ட்டைத் தாண்டி மூச்சு நின்றால்
அது அந்த ஊர்க் கணக்காம்.
அங்கே கேட்டால், விழுந்தது உங்க ஊரில்தானே என்கிறார்கள்.
பதினொன்றையும் சேர்த்து எழுதிய தாள்
எனக்குத் தெரிந்து ஒன்றுதான்:
என் மைக்செட் வாடகை நோட்டின் கடைசிப் பக்கம்.

விசாரணைக்கு வந்தவர் டேப் வைத்து அளந்தார்.
கமுகு மரம் ஒன்றரை இஞ்ச் மெலிசு.
கயிறு போன சீசன் கயிறு.
ஆயிரத்து இருநூறு பேருக்கு அனுமதி,
கிழித்த டிக்கெட் ரெண்டாயிரத்துக்குப் பக்கம்.
கயிறு பொள்ளாச்சிக் கயிறு என்றது இந்தப் பக்கத்துப் பேப்பர்.
மரம் சித்தூர் மரம் என்றது அந்தப் பக்கத்துப் பேப்பர்.
சுற்றிச் சுற்றிக் குற்றம்
மாசாணியப்பன்மேல் வந்து நின்றது.
கேலரி கட்டியவன்.
அடியில் குனிந்து முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தவன்.
மேலே இருந்ததெல்லாம் முதலில் அவன்மேல் விழுந்தது,
அறிக்கை கடைசியில்.

அன்று சாயங்காலம் அவன் செக்ரட்டரி சேதுமாதவனிடம்
இன்னும் நாலு சுருள் கயிறு கேட்டான்.
நான் மைக் டெஸ்ட் பண்ணிக்கொண்டிருந்தேன்.
ஒன்று, ரெண்டு, மூணு என்று நான் சொல்லச் சொல்ல
அவன் விரல் நீட்டி நாலு என்று காட்டினான்.
நாளைக்கு வாங்கலாம் என்றார் அவர்.
ஃபைனல் அன்றைக்கு.

அறிக்கையில் இன்னொரு வரியும் உண்டு:
கோல் விழுந்த உற்சாகத்தில்
ரசிகர்கள் ஒருசேரத் துள்ளியதும் ஒரு காரணம்.

கோல் விழவில்லை.
சைபருக்கு சைபர். பதினேழாவது நிமிஷம்.
பந்து கோட்டுக்கு வெளியே சும்மா கிடந்தது.
கானாவிலிருந்து வந்த க்வேக்கு
ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.
பாதிக் கட்டோடு ஓடிப்போய்
மூன்று பிள்ளைகளை வெளியே இழுத்துப் போட்டான்.
பேப்பரில் அவன் பெயர் வெளிநாட்டு வீரர்.
அறிக்கையில் அதுவும் இல்லை.

இல்லாத இன்னொன்று என் குரல்.
சரிவதற்கு ரெண்டு நிமிஷம் முன்னால்
செக்ரட்டரியிடமிருந்து சீட்டு வந்தது. வாசித்தேன்:
சகோதரர்களே, வெளியே இன்னும் ஆள் நிற்கிறது,
தயவுசெய்து ரெண்டு இஞ்ச் நெருங்கி உட்காருங்கள்.

நெருங்கினார்கள்.
ஒரு சொல்லுக்கு அத்தனை பேர்
அப்படி நகர்ந்து நான் பார்த்ததில்லை.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

என்னை யாரும் விசாரிக்கவில்லை.
டேப் எட்டும் பொருள் இல்லையே குரல்.

போன வருஷம் மேடைக்குப் பின்னால் ஒரு அம்மாள் வந்தார்.
ஆனைமலை. மகன் பெயர் நஞ்சுண்டன்,
கல்லில் இல்லாத நாலு பேரில் ஒருத்தன்.
கிழிந்த பாதி டிக்கெட்டை
பஸ் பாஸ் உறைக்குள் வைத்திருந்தார்.
யார் குற்றம் என்று கேட்கவில்லை.
நஷ்டஈட்டுப் பேச்சும் இல்லை.
"எல்லாரும் குதிச்சதாலதான் விழுந்துதுன்னு
எழுதியிருக்காங்களாமே.
எம்பையன் குதிச்சானுங்களா?"

உள்ளே நாதஸ்வர கேஸட் ஓடிக்கொண்டிருந்தது.
நிறுத்தினேன்.

"இல்லீங்கம்மா.
உட்கார்ந்துதான் இருந்தான்.
நெருங்கி."

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.
உட்காருங்க என்று சொல்ல வாய் வரவில்லை.
ஃபைனல் முழுக்க அவர்
அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு
நின்றபடியே பார்த்தார்.