வடிகால் வரைபடம்

அன்ஹுய் மலைப்பக்கத்து வீடொன்று
ஓல்டன்பர்க் கிடங்கில் படுத்துக் கிடந்தது:
எழுநூற்றுப் பன்னிரண்டு மரத்துண்டு,
ஒவ்வொன்றின் வயிற்றிலும் சீனத்தில் ஓர் எண்,
அதை நம்பாமல் பக்கத்தில் ஜெர்மனில் ஓர் எண்.
ஆணி ஒன்றுகூட இல்லை.

எனக்கு மரத்தில் வேலையில்லை. நான் வடிகால்காரி.
மழை எங்கே விழும், எவ்வளவு விழும்,
எங்கே போய்த் தொலையும்,
அவ்வளவுதான் என் படிப்பு.

ஊர்க் கூரையெல்லாம் மழையை வெளியே தள்ள
இந்த வீட்டின் நான்கு கூரையும் உள்நோக்கிச் சாய்ந்து
அதைக் கூப்பிட்டு நடுவில் உட்கார வைக்கின்றன.

கட்டட அலுவலகத்தில் ஹைட்ரூன் வெஸ்லிங்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:
"உட்புறத்தில் மழைக்கு அனுமதி இல்லை.
மேலே கண்ணாடி போட்டுவிடுங்கள்."
தச்சர் ஃபாங் தேஷான்
மொழிபெயர்ப்பு முடியும்வரை காத்திருந்தார்.
"மூடினால் அது பெட்டி.
பெட்டிக்கு நான் எதற்கு?"

மூன்று வாரம் கடிதம் போயிற்று, வந்தது.
நான்காம் வாரம் வெஸ்லிங்கே
நடுச்சதுரத்தைச் சுற்றிச் சிவப்பில் கோடு கிழித்தார்.
கோட்டுக்குள் இருப்பது இனிமேல் வெளி,
சட்டப்படி, தெருவைப் போல.
தமிழில் சொல்லிப் பார்த்தேன்:
வெளி என்றால் வெளிப்புறம்,
வெளி என்றால் ஆகாயம்.
தெரியாமலே இரண்டுக்கும்
கையெழுத்துப் போட்டிருந்தார்.

பிறகு ஃபாங் என் வரைபடத்தின்மேல் குனிந்தார்.
நூற்றைம்பது மில்லிமீட்டர் குழாய், நேர்க்கோடு,
நூற்றுக்கு ஒன்று சரிவு.
எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.
அவர் கேட்டது ஒன்றே ஒன்று:
"ஆமை எங்கே இருக்கும்?"

அங்கே கல்வடிகாலுக்குள் ஆமை விடுவார்களாம்.
அது நடக்க நடக்க வண்டல் கலங்கும்,
அடைப்பு சேராது.
அதற்காக வடிகால் வளைந்து போகும்,
வளைவில் ஓர் அகலம்,
ஓட்டோடு திரும்பிக்கொள்ளும் அளவு.

அன்றிரவு நேர்க்கோட்டை அழித்தேன்.
இரண்டு வளைவு. நடுவில் ஒரு தொட்டி.
ஓரத்தில் எழுதினேன்:
"பராமரிப்பு வழி, அகலம் நாற்பது செ.மீ."
பராமரிப்பவர் யார் என்று கேட்கும் கட்டம்
படிவத்தில் இல்லை.

நவம்பரில் முதல் மழை.
குடையை மடக்கி உள்ளே வந்த வெஸ்லிங்
சதுரத்தின் விளிம்பில் நின்று யோசித்தார்,
மறுபடி விரித்தார், இறங்கினார்.
ஆமைக்கான அனுமதி
விலங்கின அலுவலகத்தில் இன்னும் கிடக்கிறது.

நான் கல்தளத்தில் காதை வைத்துக் கேட்டேன்.
தண்ணீர் முதல் வளைவில் தயங்கி
அந்தக் காலி அகலத்தில்
ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப்
போனது.